எண்பத்தாறாம் பக்கம்

எங்கள் அக்கா மறைந்து இந்த ஆவணியோடு ஒரு வருடம் நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும், தெருக்காரர்களுக்கும் ஒரு நினைவு மலர் கொடுக்க வேண்டும் என்று என் கணவரும் நானும் முடிவு செய்தோம். கூடப் பிறந்தவர் வேறு யாரும் இல்லாததால் எழுத வேண்டியவள் நான்தான். அக்காவுக்கு வந்த நோயைப் பற்றியும், வேலையில் அவர் செய்த தவறைப் பற்றியும் பலர் பலவிதமாகப் பேசினார்கள். நடந்ததை நடந்தபடி ஒரு முறை எழுதிவைத்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. இதில் என் தவறும் உண்டு. அதையும் மறைக்கவில்லை.

அக்கா பிறந்தது உசிலம்பட்டி போகும் வழியில் உள்ள எங்கள் ஊரில். அப்பாவுக்குக் கிணற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் இருந்தது. மூன்று வருடம் தொடர்ந்து மழை ஏமாற்றியபோது அதை விற்றுவிட்டு மதுரைக்கு வந்து ஓர் இரும்புக் கடையில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஐந்து. ஆனையூரில் வாடகை வீடு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அக்கா கம்ப்யூட்டரில் தமிழ் தட்டச்சு படித்தார். சிம்மக்கல் பக்கம் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. இடையில் திருமணமானது, அது சரிப்பட்டு வரவில்லை. அதைப் பற்றி அக்கா யாரிடமும் பேசியதில்லை. நானும் இங்கே எழுதப் போவதில்லை. அம்மா அப்பா காலத்துக்குப் பிறகு அக்கா எங்களோடுதான் இருந்தார். என் மகளுக்கு அவர்தான் பெரியம்மாவும் டியூஷன் டீச்சரும்.

அச்சகத்தில் அக்காவுக்கு முதலில் தட்டச்சு வேலைதான். சில வருடங்களில் புத்தகத்தின் பக்கங்களை அமைக்கும் வேலை முழுவதும் அவர் கைக்கு வந்தது. அது என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் பலருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் சொல்லுகிறேன்.

ஒரு பெரிய தாளின் முன்னும் பின்னுமாகப் பதினாறு பக்கங்கள் அச்சாகும். அதை மடித்தால் ஒரு பாரம். புத்தகம் என்பது பாரங்களை அடுக்கித் தைத்ததுதான். ஆகவே நூற்று அறுபது பக்கம் வந்தால் சரியாகப் பத்து பாரம். நூற்று அறுபத்து மூன்று வந்துவிட்டால் அந்த மூன்று பக்கத்துக்காகப் பதினோராவது பாரம் ஓட்ட வேண்டும். அதற்கும் அச்சுத் தகடு, காகிதம், மெஷின் கூலி எல்லாம் உண்டு. மீதிப் பதின்மூன்று பக்கம் வெறுமனே கிடக்கும். எழுதியவருக்கு இது தெரியாது. அவர் எழுதியதை எழுதியபடி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அந்த மூன்று பக்கத்தை எங்கே கரைப்பது என்பது அக்காவின் கவலை. எழுத்தின் அளவை ஒரு துளி குறைப்பார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வரி கூட்டுவார். புது அத்தியாயத்தைப் பக்கத்தின் நடுவிலிருந்து தொடங்காமல் கொஞ்சம் மேலே ஏற்றுவார். ஒரே ஒரு சொல் தனி வரியாகத் தொங்கும் பத்திகளைத் தேடித் தேடி இழுத்துக் கட்டுவார். படிப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியக் கூடாது.

ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர் தம் அனுபவங்களைப் புத்தகமாகப் போட வந்திருந்தார். பக்கம் மிஞ்சியதால், அவர் தம் மனைவிக்கு நன்றி சொல்லி எழுதியிருந்த முன்னுரையை எடுத்துவிடலாம் என்றார் அச்சக முதலாளி. அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து வேறு இடங்களில் நாற்பது வரிகளை மிச்சப்படுத்தி அந்த முன்னுரையைக் காப்பாற்றினார். அந்த நடத்துநருக்கு இது கடைசி வரை தெரியாது.

அக்கா எதை வேண்டுமானாலும் நெருக்குவார், அட்டவணையை மட்டும் தொடமாட்டார். எண்கள் இருக்கும் இடத்தில் கஞ்சத்தனம் கூடாது என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவருக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பேன். ஒத்தக்கடையில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை என்பதால் எழுத்துப் பிழை என் கண்ணில் சுலபமாகப் படும். அக்காவின் பக்கங்களில் திருத்த அதிகம் இருக்காது.

இனி எழுதப் போவது அக்காவின் கடைசிப் பத்து மாதங்களைப் பற்றி.

அந்த ஐப்பசியில் ஒருநாள் அக்கா வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்தபோது வலது காலில் மட்டும் செருப்பு இருந்தது. இடது கால் வெறும் காலாக, சேறு அப்பிக் கிடந்தது. கேட்டதற்குக் குனிந்து பார்த்து, கூட்டத்தில் கழன்றிருக்கும் என்று சிரித்தார். சிம்மக்கல்லிலிருந்து ஆனையூர் வரை ஒரு கால் செருப்பு இல்லாததை ஒருவர் எப்படி உணராமல் வர முடியும் என்று நான் அன்று யோசிக்கவில்லை. மறுநாள் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்ததோடு விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் அவருடைய இடது தோளில் கன்றிப்போன காயம் ஒன்றைப் பார்த்தேன். கதவு நிலையில் இடித்துக்கொண்டதாகச் சொன்னார். பத்து நாள் கழித்து அதே இடத்தில் இன்னொன்று. என் மகள் ஒருநாள், பெரியம்மா கூப்பிட்டால் சில சமயம் திரும்புவதே இல்லை என்றாள். வயதாகிறது, காது மந்தமாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்றுதான்.

அந்த நேரத்தில்தான் கால்நடை மருத்துவர் அய்யாவின் புத்தகம் வந்தது. பணி ஓய்வு பெற்றவர். மாடு வளர்ப்பவர்களுக்காக நோய்களையும் மருந்துகளையும் விளக்கி எழுதி, பொங்கலுக்கு முன்னால் அவனியாபுரம் பக்கம் காளையும் பசுவும் வைத்திருக்கும் வீடுகளுக்கு இலவசமாகக் கொடுக்க நினைத்தார். ஓய்வுப் பணத்திலிருந்துதான் செலவு. அக்கா பக்கம் அமைத்தபோது இருநூற்றுப் பத்தொன்பது வந்தது. பதினான்கு பாரம். காகித விலை ஏறியிருந்த நேரம். மருத்துவர் கொடுத்த தொகைக்குப் பன்னிரண்டு பாரத்துக்கு மேல் கட்டாது என்றார் முதலாளி. பதின்மூன்று பாரமாவது கொடுங்கள், அட்டவணைகள் நிறைய இருக்கின்றன என்று அக்கா கேட்டிருக்கிறார். முதலாளி சம்மதிக்கவில்லை.

அன்று சாப்பிடும்போது அக்கா என்னிடம் சொன்னார்: “நூத்தித் தொண்ணூத்திரண்டுக்குள்ள அடக்கச் சொல்றாரு பாப்பா. அட்டவணையில கை வைக்காம முடியாது. இதுவரைக்கும் வச்சதில்ல.”

கார்த்திகைக் கடைசியில் தொடங்கி மார்கழி நடு வரை அந்த வேலை நடந்தது. வழக்கமாக ஒரு வாரத்தில் முடிக்கிறவருக்கு மூன்று வாரம் ஆனது. கண் வலிக்கிறது, தலை கனக்கிறது என்றார். மெய்ப்பை நான் வாங்கிப் படித்தேன். ஆனால் பத்திகளை மட்டுமே படித்தேன். எண்களை அக்கா பார்த்துக்கொள்வார் என்று அட்டவணைகளைப் புரட்டிவிட்டேன். அக்காவின் வேலையை நான் சந்தேகப்பட்டதே இல்லை. என் தவறு என்று முதலில் சொன்னது இதைத்தான்.

பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு புத்தகம் வந்தது. பச்சை அட்டை. மருத்துவர் அய்யா முந்நூறு பிரதிகளை வீடு வீடாகக் கொடுத்தார். நான்காம் நாள் அவரே ஆனையூருக்கு ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். கையில் ஒரு பிரதி. அவர் கோபப்படவில்லை, முகம் வெளுத்திருந்தது. எண்பத்தாறாம் பக்கத்தில் குடற்புழு மருந்தின் அளவு அட்டவணை. இடது பக்கம் மாட்டின் எடை, வலது பக்கம் மருந்தின் அளவு. இடம் மிச்சம் பிடித்ததில் இடது வரிசை மட்டும் ஒரு வரி கீழே இறங்கியிருந்தது. ஒவ்வொரு எடைக்கு நேராகவும் அதற்கு அடுத்த எடையின் அளவு நின்றது. கன்றுக்குட்டிக்கு நேராக வளர்ந்த மாட்டின் அளவு.

“ஒருத்தர் போன் பண்ணி, கன்னுக்கு இம்புட்டா டாக்டரேன்னு கேட்டாரு. அதனாலதான் எனக்கே தெரிஞ்சுச்சு” என்றார். “கேக்காதவங்க எத்தனை பேருன்னு தெரியலம்மா.”

அக்கா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சரியாகத்தானே இருக்கிறது என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. மருத்துவர் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் அவருக்குப் பிழை தெரிந்தது. நான் அப்போது சொன்ன வார்த்தையை எழுதியே ஆக வேண்டும். “இருபத்தாறு வருஷம் பாத்த வேலைதான அக்கா, கொஞ்சம் கண்ணத் தொறந்து பாத்திருக்கலாம்ல?” என்றேன்.

மறுநாளிலிருந்து மருத்துவர் அய்யாவும் அக்காவும் நானும் அவனியாபுரத்தில் வீடு வீடாகப் போய்ப் புத்தகங்களைத் திரும்ப வாங்கினோம். சல்லிக்கட்டுக்கு ஊரே பரபரப்பாக இருந்த நேரம். சிலர் உடனே கொடுத்தார்கள். சிலர் உறவினருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். சிலருக்கு எங்கே வைத்தோம் என்றே நினைவில்லை. இரண்டாம் நாள் நண்பகலில் சாலையைக் கடக்கும்போது இடது பக்கமிருந்து ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. அக்கா நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. முந்தானையைப் பிடித்து இழுத்தேன். ஆட்டோ எங்களை உரசிக்கொண்டு போனது. ஏன் இழுத்தாய் என்று அக்கா கேட்டார். ஆட்டோ இடிக்க வந்தது என்றேன். எந்த ஆட்டோ என்று கேட்டார். ஆனாலும் மன உளைச்சல், தூக்கமில்லை என்றே சமாதானம் செய்துகொண்டேன்.

அன்று கடைசியாகப் போன வீட்டில் ஒரு கன்று மாட்டுக் கொட்டத்தில் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. வாயில் நுரை. வீட்டுக்கார அம்மா அதன் தலையை மடியில் வைத்திருந்தார். முந்தின நாள் காலையில் புத்தகத்தைப் பார்த்து மருந்து ஊற்றியிருக்கிறார்கள். மருத்துவர் அய்யா ஊசி போட்டார். அக்கா அந்த அம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, புத்தகத்தில் பக்கம் அமைத்தது நான்தான் என்று சொன்னார். சொல்லத் தேவையில்லை என்று நான் கண்ணைக் காட்டியும் சொன்னார்.

அந்த அம்மா அக்காவை நிமிர்ந்து பார்த்தார். “புத்தகத்துல போட்டிருக்குன்னு நம்பி ஊத்துனோம்மா” என்றார்.

கன்று மறுநாள் காலையில் இறந்துவிட்டது. ஏற்கெனவே மெலிந்த கன்று, மருந்து மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது என்று மருத்துவர் அய்யா எங்களைத் தேற்றினார். அக்கா தேறவில்லை. முதலாளி, பக்கத்தைக் குறைத்தால் இப்படித்தான் ஆகும் என்று ஒரு நாளும், அக்காவுக்குக் கவனம் போய்விட்டது என்று இன்னொரு நாளும் பேசினார். நெருக்கியதால் வந்த பிழை என்று எல்லோருமே நம்பினோம். அக்காவும் அப்படித்தான் நம்பினார். தன் கையை அவரே வெறுத்தார். சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். துக்கம் என்று நினைத்தேன்.

தை முடியும்போது மருத்துவர் அய்யா தம் பிரதியை என்னிடம் கொடுத்தார். மற்ற பிழைகளையும் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். பிழைதிருத்தம் அச்சிட்டு, திரும்பி வந்த பிரதிகளில் ஒட்டிக் கொடுக்கலாம் என்பது யோசனை. ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து பக்க எண்ணும் பிழையுமாக ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன். பதினான்கு. முப்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு. எண்பத்தாறு. நூற்றுப் பன்னிரண்டு. நூற்று எழுபது. எழுதி முடித்துப் பார்த்தேன். எல்லாம் இரட்டைப்படை எண்.

புத்தகத்தை விரித்தால் இரட்டைப்படைப் பக்கங்கள் எப்போதும் இடது கைப் பக்கம் வரும். திரையிலும் இரண்டு பக்கங்களை அப்படி விரித்து வைத்துத்தான் அக்கா வேலை பார்ப்பார். மொத்தப் புத்தகத்தையும் மறுபடி புரட்டினேன். வலது பக்கங்கள் அத்தனையும் சுத்தமாக இருந்தன. வலது பக்கத்து அட்டவணைகளும் அதே அளவு நெருக்கப்பட்டவைதான். ஒன்றில்கூடப் பிழை இல்லை. நெருக்கியதால் வந்தது என்றால் இரண்டு பக்கமும்தானே வந்திருக்க வேண்டும்? இடது கால் செருப்பு, இடது தோள், இடது பக்கமிருந்து வந்த ஆட்டோ எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

மத்தியானம் அக்காவுக்குச் சோறு போட்டேன். தட்டின் வலது பக்கம் ரசம் சோறு, இடது பக்கம் பீன்ஸ் பொரியல். எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். அக்கா வலது பாதியை வழித்துச் சாப்பிட்டார். தட்டின் நடுவில் கோடு போட்டதுபோல் மீதி அப்படியே இருந்தது.

“பொரியல் எதுவும் செய்யலையா பாப்பா?” என்றார்.

நான் தட்டை அரை வட்டம் திருப்பி வைத்தேன்.

“இப்பத்தான் வச்சியா?” என்று கேட்டுவிட்டு அதைச் சாப்பிட ஆரம்பித்தார். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

ஆஸ்பத்திரிக்கு வர அக்கா சம்மதிக்கவில்லை. திருத்த வேலை பாக்கி இருக்கிறது என்றார். என் கணவர் காரை வரவழைத்து, மருத்துவர் அய்யாவைப் பார்க்கப் போகிறோம் என்று பொய் சொல்லித்தான் கூட்டிப்போனோம். அங்கே நரம்பியல் மருத்துவர் ஒரு வெள்ளைத் தாளில் நீளமாகக் கோடு ஒன்று போட்டு, இதன் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள் என்றார். தலைப்பை நடுவில் வைப்பதற்கு அளவுகோலே எடுக்காதவர் எங்கள் அக்கா. பேனாவை வாங்கித் தயங்காமல் வைத்தார். புள்ளி கோட்டின் வலது கோடிக்குப் பக்கத்தில் இருந்தது. சரியாக வைத்துவிட்டேனா என்று என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

கண்ணில் கோளாறு இல்லை என்றார்கள். மூளையின் வலது பக்கத்தில் கட்டி. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் மனதுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று விளக்கினார்கள். எத்தனை மாதமாக என்று கேட்டார்கள். செருப்பைச் சொன்னேன். மருத்துவர் எழுதுவதை ஒரு நொடி நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினார். அந்த ஒரு நொடியை நான் இன்னும் கடக்கவில்லை.

மாசியில் அறுவை சிகிச்சை நடந்தது. முழுவதும் எடுக்க முடியவில்லை. நோய் என்று தெரிந்ததும் அக்கா அழுவார் என்று பயந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். “அப்ப நான் அசட்டையா இருந்து அந்தக் கன்னு சாகல, இல்ல?” இல்லை அக்கா, இல்லை என்று கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனாலும் செத்துப்போச்சுல்ல” என்றார்.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலுக்கு இடது பக்கம் வந்து நின்று பேசினார். அக்காவுக்கு அவர் வந்திருப்பதே தெரியவில்லை. நான் அவரைச் சுற்றி வரச் சொல்லி வலது பக்கம் நிறுத்தினேன். இறுதி மெய்ப்பில் கையெழுத்துப் போட வேண்டியது தாம்தான் என்றும், அவசரத்தில் பார்க்காமலே போட்டதாகவும் சொன்னார். அக்கா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “பதினாலு பாரம் போடுங்கண்ணே. அத மறுபடி நெருக்க வேணாம்” என்றார். முதலாளி ஒத்துக்கொண்டார்.

வைகாசியில், உடம்பு கொஞ்சம் தெளிந்திருந்த வாரங்களில், வீட்டிலேயே கம்ப்யூட்டரை வைத்து அந்தப் புத்தகத்தை மறுபடி அமைத்தோம். வலது பக்கங்களை அக்கா பார்த்தார். இடது பக்கங்களை நான் உரக்கப் படித்தேன். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பாதியில் அவரால் உட்கார முடியாமல் போனது. பிறகு படுத்துக்கொண்டே கேட்டார். ஆடி பிறந்தபோது பேச்சு குழறியது. கடைசி அட்டவணையைப் படித்தபோது கண் மூடியிருந்தது. ஆனால் நான் ஓர் எண்ணைத் தவறாகப் படித்ததும் விரலை அசைத்தார். ஆவணியில் ஒரு காலை, நாங்கள் எல்லோரும் சுற்றி இருக்க, மூச்சு நின்றது. புத்தகம் அடுத்த மாதம் வெளிவந்தது.

அக்காவைத் தம் வீட்டுப் பிள்ளைபோல் கவனித்த செவிலியர்களுக்கும், ஒருநாள் தவறாமல் வந்து பார்த்த மருத்துவர் அய்யாவுக்கும், வீட்டிலிருந்த மாதங்களிலும் சம்பளத்தை நிறுத்தாத முதலாளிக்கும், முறைவைத்துச் சோறு கொண்டுவந்த தெருப் பெண்களுக்கும், இரவும் பகலும் தூக்கிப் பிடித்த என் கணவருக்கும் மகளுக்கும் இந்தக் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தன் கன்றைப் பறிகொடுத்தும் பதினாறாம் நாள் வந்து எங்களோடு உட்கார்ந்திருந்த அவனியாபுரத்து அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு வேண்டுகோள். அக்கா நினைவு தப்பும் வரை கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். முந்நூறில் இருபத்து மூன்று பிரதிகள் இன்னும் கிடைக்கவில்லை. யாரிடமிருந்து யார் கைக்குப் போயின என்று தெரியவில்லை. பச்சை அட்டை போட்ட அந்த மாட்டு வைத்தியப் புத்தகம் உங்கள் வீட்டிலோ, உங்களுக்குத் தெரிந்த வீட்டிலோ இருந்தால் தயவுசெய்து அதைப் பார்த்து எந்த மருந்தும் கொடுக்காதீர்கள். எங்களிடமோ அச்சகத்திலோ கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது பழையதா என்று பார்க்க எண்பத்தாறு என்ற எண்ணைத் தேட வேண்டாம். பழைய புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் இடது மூலையில் எண் விழவில்லை. எண்பத்தைந்தாம் பக்கத்தைத் திருப்புங்கள். திருப்பியதும் இடது கைப் பக்கம் வருவது அதுதான்.